மூன்று அங்குலத்துக்கு நூற்றைந்து நாட்கள்

2002ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் திகதி, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மழை வருவதற்கு முந்திய புழுக்கம். கடற்காற்று அடியோடு நின்றிருந்தது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் பழைய வாகனங்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றின் முன்னால், இரண்டு கைக்குட்டைகளும் நனைந்த நிலையில், கையில் கொப்பியோடு நின்றேன். அப்போது எனக்கு வயது அறுபத்தாறு. அரசாங்கத்தில் முப்பத்தொரு வருடம் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் அளக்காமல் நம்பாதவன்.

கடைக்குப் போனதற்கு ஒரு கடிதம் காரணம். யாழ்ப்பாணத்தில் என் மனைவியின் அக்கா தனியாக இருந்தார். தாய் சிறுவயதிலேயே போய்விட, என் மனைவியை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான். 1990இல் நாங்கள் கொழும்பில் வெள்ளவத்தைக்கு வந்த பிறகு அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பாதை பூட்டிக் கிடந்தது. பன்னிரண்டு வருடம் கழித்துச் சண்டை நின்று, ஏப்ரலில் கண்டி வீதி திறந்தது. மே 2ஆம் திகதி, அக்காவின் பக்கத்து வீட்டு ஆசிரியையிடமிருந்து கடிதம் வந்தது. அக்காவுக்கு மறதி கூடிக்கொண்டு போகிறது, கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுகிறார், தங்கச்சி வந்துவிட்டாளா என்று காலையில் எழும்பியதும் கேட்கிறார், ஆளை அடையாளம் தெரியும்போதே வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

என் மனைவி கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, "வாற கிழமை போவம். எல்லாரும் பஸ்ஸிலதானே போகினம்" என்றாள்.

நான் மறுத்தேன். பஸ்ஸில் போனால் ஏழு இடத்தில் இறங்கி ஏற வேண்டும். இராணுவம், புலிகள் என்று இரண்டு பக்கத்துச் சோதனைச் சாவடியிலும் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். அவளுக்கோ இரண்டு முழங்காலிலும் வாதம். நம்மிடம் ஜீப் இருக்கிறது, அதில் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். வழியெல்லாம் ஷெல் விழுந்த குழி, றோட்டை விட்டு ஓரத்தில் காலை வைத்தால் மிதிவெடி, அதனால் ஜீப்பைக் கொஞ்சம் உயர்த்திவிட்டுத்தான் புறப்பட வேண்டும் என்றும் சொன்னேன். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டாள். இரண்டு கிழமை என்றேன்.

ஜீப் 1983ஆம் ஆண்டுத் தயாரிப்பு, ஜப்பான் டீசல். ஏலத்தில் எடுத்தது. முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டைகள். பத்தொன்பது வருடத்தில் அவை தளர்ந்து, பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஒன்றேமுக்கால் அங்குலம் இறங்கியிருந்தது. வலப்பக்கம் இடப்பக்கத்தைவிட அரை அங்குலம். இதெல்லாம் நானே மட்டம் வைத்து அளந்தது.

கடைக்கார முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். ஜீப்புக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, உயர்த்துவதற்கு நாலு வழி இருக்கிறது என்றார். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைக்கலாம். ஸ்பிரிங்கின் நுனியைத் தாங்குகிற ஷக்கிளை நீளமாகப் போடலாம். இருக்கிற பட்டைகளோடு இன்னொரு பட்டை கூட்டலாம். அல்லது முழு ஸ்பிரிங்கையும் புதிதாக வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கலாம். முதல் இரண்டும் தூர ஓட்டத்துக்கு அவ்வளவு நல்லதல்ல என்று அவரே சொன்னார்.

"சேர், உங்கட ஸ்பிரிங் நல்லாத்தான் ஈக்கிது. களைச்சுப் பெய்த்து, அவ்வளவுதான். ஒரு பட்டை கூட்டிக் கட்டினா ரெண்டு நாள்ல ரோட்டுக்கு எறக்கலாம்."

நான் கேள்வி கேட்கத் தொடங்கினேன். கூட்டுகிற பட்டையின் தடிப்பு என்ன, எந்த ஊர் உருக்கு, எத்தனை இறாத்தல் பாரத்துக்கு எவ்வளவு அமுங்கும், பழைய பட்டையும் புதியதும் சமமாக உழைக்குமா. பதினொரு கேள்வி. ஒவ்வொன்றையும் கொப்பியில் இலக்கமிட்டு எழுதினேன். பின்னால் மூன்று பேர் காத்து நின்றார்கள். பெரியவர் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டு வந்து ஒன்பதாவது கேள்வியில் கேட்டார்:

"சேர், நீங்க ஜீப்ப உயத்தப் போறீங்களா, ஜீப்பில சோதனை எழுதப் போறீங்களா?"

நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று ஒன்றும் வாங்கவில்லை.

அந்த மாதம் மட்டும் அதே கடைக்கு நாலு தரமும் வேறு கடைகளுக்கு ஆறு தரமும் போனேன். கடைசியில் முழு ஸ்பிரிங்கும் புதிதாகத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தேன். அது சிங்கப்பூரிலிருந்து வர ஆறு கிழமை. இதற்கிடையில் எங்கள் மாடிவீட்டில் மேல் தளத்தில் இருந்த குடும்பம் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்ப் பத்து நாள் நின்று, ஒரு பெட்டி கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு திரும்பியும் வந்துவிட்டது. எங்களுக்கும் ஐந்து பழம் கொடுத்தார்கள். என் மனைவி தான் தின்னவில்லை. எனக்கு வெட்டித் தந்தாள்.

ஜூலை தொடக்கத்தில் ஸ்பிரிங் வந்தது. நாலையும் நிலத்தில் வைத்து அளந்தேன். வலமும் இடமும் ஒரே வளைவு. டீசல் தாங்கியும் ஓட்டுநரும் ஒரே பக்கம், அதனால் அந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் கடினமான ஸ்பிரிங் வேண்டும் என்று கணக்குப் போட்டு இரண்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு இன்னும் மூன்று கிழமை. பிறகு, உயரம் கூடியதால் பழைய ஷொக் அப்சோர்பர் எட்டவில்லை. நீளமானது தேடினேன்.

ஜூலை கடைசியில் ஒருவழியாக எல்லாம் பூட்டியாயிற்று. பூட்டியவர் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலேயே கராஜ் வைத்திருந்த மலையகத்துக்காரர். நல்ல வேலைக்காரர், வாய்தான் சும்மா இராது. ஜீப் சரியாக மூன்று அங்குலம் உயர்ந்து நின்றது. நாலு மூலையிலும் அளந்து பார்த்தேன், கால் அங்குலம்கூடப் பிசகவில்லை. பெருமையாக மனைவியைக் கீழே கூப்பிட்டு ஏறிப் பார்க்கச் சொன்னேன். அவள் கதவுப் பிடியைப் பிடித்து வலக்காலைத் தூக்கினாள். எட்டவில்லை. இடக்காலைத் தூக்கினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஐயா, வண்டிய தூக்கியாச்சுங்க. இனி அம்மாவ யாருங்க தூக்குறது?" என்றார் கராஜ்காரர்.

அவளுடைய முழங்காலைச் சாட்டாகச் சொல்லித்தான் இவ்வளவும் செய்தேன். அந்த முழங்கால் எவ்வளவு உயரம் மடங்கும் என்று மட்டும் அளக்கவில்லை. கதவுக்குக் கீழே இரும்புப் படி ஒன்று ஒட்டச் சொன்னேன். அதற்கு ஐந்து நாள். பிறகு பிரேக் குழாய் இழுபட்டு நிற்பதைக் கண்டு அதை மாற்றினோம். அதற்கு நாலு நாள்.

ஆரம்பத்தில் அவள் வாரம் ஒருதரம் கேட்பாள், எப்ப போறது என்று. மொத்தம் ஒன்பது தரம் கேட்டாள். கடைசியாகக் கேட்டது ஜூலை 11. அதற்குப் பிறகு கேட்கவில்லை. வேலையின் அருமை அவளுக்கும் விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஓகஸ்ட் 17, சனிக்கிழமை, ஜீப்பைப் பரீட்சித்துப் பார்க்கக் கல்கிசை வரை ஓட்டிப் போனேன். நாற்பது மைல் வேகத்தைத் தொட்டதும் அடியில் ஒரு நடுக்கம். உயர்த்தியதால் பின்னச்சுக்குப் போகிற தண்டு சரிந்துவிட்டது, ஸ்பிரிங்குக்குக் கீழே ஆப்பு வைத்துச் சரிக்கட்ட வேண்டும், ஒரு கிழமை போதும் என்றார் கராஜ்காரர். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதையே சொன்னேன். அவள் கட்டிலில் உடுப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் நாளைக்குப் போறன். நீங்கள் ஜீப்பை வடிவாச் செய்து முடிச்சிட்டு ஆறுதலா வாங்கோ" என்றாள்.

குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் நான் வாதாடியிருப்பேன். அடுத்த நாள் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து வவுனியா வரைக்கும் ரயில். அதற்குப் பிறகு பஸ். ஏழு இடத்தில் இறங்கி ஏறினோம். ஒவ்வொரு இடத்திலும் அவள் கம்பியைப் பிடித்து, மூச்சை இழுத்து, ஒவ்வொரு படியாக ஏறினாள். முகமாலைச் சாவடி வரிசையில் எனக்குத்தான் தலை சுற்றியது. பையை அவள் வாங்கிக்கொண்டாள். றோட்டில் குழிகள் இருந்தன, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பஸ் போயிற்று, வான் போயிற்று. கிளிநொச்சிக்கு இப்பால் சின்னக் கார் ஒன்று எங்களை முந்திப் போயிற்று. உள்ளே ஐந்து பேர். கூரையில் ஒரு கட்டில் கட்டியிருந்தது. அந்தக் காரின் அடி நிலத்திலிருந்து ஆறு அங்குலம்கூட இராது. நான் யன்னலுக்கு வெளியே பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

பொழுதுபடும் நேரம் அக்காவின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். முன் விறாந்தையில் கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார், ஆனால் சுத்தமான சேலை, தலை இழுத்து முடித்திருந்தது. எங்களைக் கண்டதும் எழும்பி, வாங்கோ, இருங்கோ என்றார். ஒருவர் வீட்டுக்கு வந்த அந்நியரை எப்படி மரியாதையாக வரவேற்பாரோ அப்படி. எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்.

என் மனைவி அவருடைய கையைப் பிடித்து, "அக்கா, நான்தான்" என்றாள். பெயரையும் சொன்னாள். கொழும்பிலிருந்து வருகிறோம் என்றாள்.

அக்காவின் முகம் மலர்ந்தது.

"கொழும்போ? என்ர தங்கச்சியும் வெள்ளவத்தையிலதான் இருக்கிறா. என்னைப் பாக்க வருவா. அவவின்ர மனுசன் ஜீப்பை உயர்த்திறார். உயர்த்தி முடிஞ்ச உடனை வருவா."

என் மனைவி அக்காவின் பக்கத்தில் போய் இருந்தாள். பிறகு, "ஓம் அக்கா, வருவா" என்றாள்.

நான் முற்றத்துக்கு இறங்கிவிட்டேன். பக்கத்து வீட்டு ஆசிரியை வந்து விவரம் சொன்னார். மே மாதம் என் மனைவி எழுதிய கடிதத்தில், அவர் ஜீப்பை உயர்த்துகிறார், முடிந்தவுடன் வருவோம் என்று இருந்ததாம். அதைத் தினமும் பின்னேரம் வாசித்துக் காட்டச் சொல்லி அக்கா கேட்பாராம். ஜூன் முடியும்வரை தங்கையின் படத்தைக் காட்டினால் பெயர் சொன்னாராம். ஜூலை நடுவில் படத்தைப் பார்த்து யார் இந்தப் பிள்ளை என்று கேட்டாராம். மற்றதெல்லாம் போய்விட்டது. அந்தக் கடிதத்தின் வரி மட்டும் நின்றது. ஆசிரியை என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஜீப்பை எங்கே விட்டிருக்கிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார்.

அக்காவின் வாசலில் ஜீப் வந்து நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதை இப்போதாவது எழுத வேண்டும். 1990இல் இரண்டு சூட்கேசோடு, பயந்து, அந்த ஊரைவிட்டுப் போனவன் நான். திரும்பி வரும்போது பஸ்ஸில் கசங்கி இறங்க எனக்கு மனமில்லை. அதைவிடப் பெரிய காரணமும் ஒன்று இருந்தது. எனக்குப் பயம். சமாதானம் எத்தனை நாளைக்கு நிற்கும், போன இடத்தில் பாதை மறுபடி பூட்டிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதை ஒருவரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது. ஸ்பிரிங் சரியில்லை என்று சொல்ல வெட்கமாக இல்லை. அதனால் ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் ஒரு குறை கண்டுபிடித்தேன்.

நான் ஐந்தாம் நாள் கொழும்புக்குத் திரும்பினேன். அவள் மூன்று கிழமை நின்றாள். அக்காவைக் குளிக்க வார்த்து, தலை துடைத்து, சோறு குழைத்துக் கொடுத்தாள். அக்கா அவளை 'பிள்ளை' என்று கூப்பிட்டு, உங்களுக்கு நல்ல கை, யார் வளர்த்தது என்று ஒருநாள் கேட்டாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்கு இன்றுவரை அதற்குச் சிரிக்க வரவில்லை. அடுத்த வருடம் மாசியில் அக்கா காலமானார். கடைசிவரை அவர் தங்கையை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஜீப்பை அந்த வருடமே விற்றுவிட்டேன். வாங்கியவர் ஏறி இருந்து பார்த்து, உயரம் நன்றாக இருக்கிறது என்றார். என் மனைவி ஒருநாளும் அந்த நூற்றைந்து நாட்களைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். இப்போது எந்தக் கடையில் எதைத் தெரிவு செய்ய நின்றாலும், இதை அளப்பது பொருளுக்காகவா அல்லது போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் இருப்பதற்காகவா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். அநேகமாக, பதில் எனக்குப் பிடிப்பதில்லை. ஜீப்புக்கு என்ன செலவானது என்பது கொப்பியில் இருக்கிறது, அதை இங்கே எழுதக் கை வரவில்லை. அக்கா எங்களை அடையாளம் காணக்கூடிய காலத்தில், மே மாதத்து எந்த நாளிலும், ஏறி இருந்து போயிருக்கக்கூடிய அந்தப் பயணத்துக்கு, ரயிலும் பஸ்ஸுமாக, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து முடிவில் ஆனது தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு ரூபாய்.