பச்சை அட்டையில் ஒரு கையெழுத்து

அகராதி அலுவலகத்தில் அவருக்கு வேர்க்காரர் என்று பெயர். எந்தச் சொல் கண்ணில் பட்டாலும் அதன் வேரைத் தோண்டாமல் விடமாட்டார். வீட்டில் தட்டை வைத்துவிட்டு மனைவி சொல்வாள்: "வேரை அப்புறம் பிடுங்கலாம், சோறு ஆறுது."

அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர், முப்பது வயதில் இங்கே வந்து சேர்ந்தார். பத்தொன்பது வருடங்களில் பதினோராயிரம் மஞ்சள் அட்டைகள். ஒரு சொல் எந்தப் பழைய நூலில் என்ன பொருளில் வந்தது, எங்கே தடம் மாறியது, எல்லாம் எறும்பு எழுத்தில் இருக்கும். பிரிந்தவர்களின் மேனி நிறம் வாடுவதைக் குறித்த 'பசப்பு', இன்று ஏமாற்றுப் பேச்சாகிவிட்டதைச் சொல்லும்போது, நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் கெட்டுச் சீரழிந்ததைச் சொல்வதுபோல் குரல் கம்மும்.

அப்படிப்பட்டவரின் எதிர் மேசைக்குத்தான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த அவள் வந்து உட்கார்ந்தாள். முன்பு தொலைபேசியில் புகார் கேட்கும் வேலை. பழைய நூல் ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. காதுதான் மூலதனம். பேருந்தில், லிஃப்டில், பல் டாக்டரின் வாசலில் காதில் விழுந்ததையெல்லாம் பச்சை அட்டையில் எழுதினாள். பச்சை என்றால் பேச்சு வழக்கு. அவற்றைப் படித்துத் தலைமைப் பதிப்பாசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். மஞ்சள் அட்டையைப் படித்து இதுவரை ஒருவரும் சிரித்ததில்லை, அழுததும் இல்லை.

அந்தச் சிரிப்பு வேர்க்காரரின் வயிற்றில் போய் விழுந்தது. மறுவாரமே ஒரு விதி கொண்டுவந்தார்: பேச்சு வழக்கென்றால் பேசியவரின் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் அட்டையைக் கிழித்துவிட வேண்டும். நியாயமான விதி என்று எல்லோரும் தலையாட்டினார்கள். லிஃப்டில் போனவரை எங்கே தேடிப் பிடிப்பாள் என்று அவர் அன்று நிம்மதியாகத் தூங்கினார். அவளோ பிடித்தாள். செருப்பு தைப்பவர், நர்ஸ், ஓட்டுநர் என்று அட்டை அட்டையாகக் கையெழுத்து வாங்கி வந்தாள்.

இதற்கிடையில் சொல்வரலாற்றுப் பிரிவின் தலைவர் பதவி காலியானது. புதிய பதிப்பின் மாதிரிப் பக்கத்துக்கு யாருடைய அட்டை தேர்வாகிறதோ அவருக்கே நாற்காலி என்றார் பதிப்பாசிரியர். முடிவு வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை அவள் அவர் மேசைக்கு வந்தாள்.

"சார், ஒரு கையெழுத்து. மாதிரிப் பக்கத்துக்கு இதத்தான் குடுக்கப் போறேன்."

"எங்கிட்டயா? நான் என்னம்மா சொன்னேன்?"

அட்டையை நீட்டினாள். சொல்: கடுப்பு. பழைய பொருள்: வேகம்; உடல் நோவு. இன்றைய பொருள்: எரிச்சல். சான்று: 'அந்தப் பொண்ணப் பாத்தாலே கடுப்பா இருக்கு.' சொன்னவர்: அகராதி ஊழியர், ஆண், வயது ஐம்பத்தைந்து இருக்கலாம். இடம்: தண்ணீர்க் குழாய் அருகே.

திங்கட்கிழமை அவர் தட்டச்சரிடம் புலம்பியது. அலமாரிக்குப் பின்னால் இவள் நின்றிருக்கிறாள்.

"யாரப் பத்திச் சொன்னேன்னு தெரியுமா?"

"அட்டையில அதுக்குக் கட்டம் இல்லையே சார்."

"நான் அப்படிச் சொல்லவே இல்லன்னா?"

"கிழிச்சிடுவேன். நீங்க போட்ட ரூல்தானே."

பின்னால் தட்டச்சர் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டரை இன்னும் ஆன் செய்யவே இல்லை.

ஒரே ஒரு 'இல்லை' போதும், நாற்காலி அவருக்குத்தான். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் பேனா கையில் இருக்கும்போது அவர் பொய் சொல்லிப் பழகியதில்லை. ஒரு தேதி சந்தேகமாக இருந்ததற்காக ஒருமுறை நாற்பது அட்டைகளைத் தானே திரும்பப் பெற்றவர். அட்டையை மறுபடி படித்தார். 'எரிச்சல்' என்ற இடத்தில் கண் நின்றது. இது சரியில்லையே. பதிப்பாசிரியர் சிரித்தபோது தனக்கு வந்தது வெறும் எரிச்சலா? வயிற்றில்தானே சுருக்கென்று பிடித்தது, பழைய பொருளில்? அங்கிருந்து அது மனசுக்கு ஏறியதை அவரே பார்த்திருக்கிறாரே! உடம்பு நோவு மன நோவாக மாறும் இடத்தைக் காட்டும் சான்றுக்காகப் புத்தகம் புத்தகமாகத் தூசி தின்றிருக்கிறார். சான்று குழாயடியில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஐம்பத்தைந்தை அடித்து நாற்பத்தொன்பது என்று எழுதினார். 'எரிச்சல்' என்பதற்கு முன்னால் 'பொறாமை கலந்த' என்று சேர்த்தார். அதன்பிறகு கையெழுத்துப் போட்டார்.

அவள் புதிதாகச் சேர்ந்த இரண்டு சொற்களின்மேல் விரலை வைத்தாள். "சார், இது என் காதுல விழலையே."

"விழாதும்மா. அது உள்ள இருந்துச்சு."

வெள்ளிக்கிழமை அந்த அட்டை மாதிரிப் பக்கத்துக்குப் போனது. நாற்காலி அவளுக்குப் போனது. வீட்டில் மனைவி கேட்டாள்: "உங்களுக்குக் கடுப்பா இல்லையா?"

"இருக்கு. புதுப் பதிப்புல வருது, பாத்துக்கோ."

வந்தது. பத்தொன்பது வருடத்தில் அவருடைய சொந்தப் பேச்சு அகராதியில் அச்சானது அந்த ஒரே வரிதான். பெயர் போடும் வழக்கம் இல்லை. வயது மட்டும் சரியாக இருந்தது.