ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாத வண்டி

சூடான எண்ணெய் வாசனை... வடைச் சட்டி எண்ணெய் இல்லை, கார் எண்ணெய். அறுபதுகளில் பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு வாசலில் காலை எட்டு மணிக்கு அதுதான் மணக்கும். கல்யாணமான புதிதில் என் புடவையெல்லாம் அந்த வாசனைதான்.

என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். ஊரைவிட்டுப் போன ஒரு துரையிடமிருந்து பழைய அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கியிருந்தார். பெரிய எஞ்சின், கிளச் கிடையாது. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவில் எண்ணெய் நிரம்பிய ஒரு பெரிய டப்பா, பெயர் கன்வர்ட்டர். அது ஒருநாள் விரிசல் விட்டது. வெளிநாட்டு ஸ்பேர் அப்போது குதிரைக் கொம்பு. குஜிரியில், அதாவது பழைய இரும்புக் கடையில், வேறேதோ சின்ன காரின் கன்வர்ட்டரைத் தேடிப் பிடித்து, இரும்புத் தகடு கடைந்து பொருத்திவிட்டார்.

அதற்கப்புறம் வண்டிக்குப் புதுக் குணம் வந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் முதலில் உறுமல் மட்டும்தான். வண்டி நகராது. இன்னும் மிதித்தால் இன்னும் உறுமும். பிறகு திடீரென்று ஒரே பாய்ச்சல்.

ஜீவனஹள்ளி ரயில்வே கேட் திறக்கும்போது எங்கள் உறுமலைக் கேட்டு முன்னால் நிற்கும் சைக்கிள்காரர்கள் ஒதுங்குவார்கள். கேட்கீப்பர் சிரிப்பார்.

"என்னங்க, இவ்வளவு கத்துது, ஏன் போகமாட்டேங்குது?" என்று இவரைக் கேட்டேன்.

"தெரியலடி ஸ்டெல்லா. மாட்டத் தெரிஞ்சுது, மாட்டிட்டேன்."

எனக்கு அது போதவில்லை. பள்ளிக்கூடத்தில் ஃபிசிக்ஸ் டீச்சர் நான். மண்டைக் குடைச்சல் தாங்கவில்லை. ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் இரண்டு டேபிள் ஃபேன்கள் எதிரெதிரே இருந்தன. ஒன்று ஓடியது, மற்றது ஸ்விட்ச் போடாதது. ஓடுவதை மெதுவாக வைத்தால் எதிர் ஃபேன் அசையவில்லை. வேகத்தைக் கூட்டக் கூட்ட, அதன் இறக்கை தயங்கித் தயங்கிச் சுற்ற ஆரம்பித்தது. எங்கள் டப்பாவும் இதுதான், காற்றுக்குப் பதில் எண்ணெய். டப்பா சின்னது, அதனால் ரொம்ப வேகமாகச் சுற்றினால்தான் எதிர்ப்பக்கம் பிடிக்கும். அன்று வகுப்புக்குப் பத்து நிமிஷம் லேட். சந்தோஷத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கவும் மறந்துவிட்டேன்.

இவருக்கோ வேறு தொல்லை. பத்து வருஷம் கிளச் மிதித்த இடது கால் சும்மா இருக்காது. பழக்கதோஷத்தில் ஓங்கி மிதிக்கும். அங்கே இருந்தது அகலமான பிரேக். ஒருமுறை என் டிபன் கேரியர் கவிழ்ந்து ரசம் மடியில். அன்றிலிருந்து இடது காலை மடக்கி, பந்தியில் உட்காருவதுபோல் சீட்டில் வைத்துக்கொண்டுதான் ஓட்டுவார்.

எனக்கு அந்தப் பழக்கமே இல்லையே... ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மைதானத்தில் நான் ஓட்டிப் பார்ப்பேன். இடது கால் பிரேக்கில், வலது கால் ஆக்சிலேட்டரில். உறுமல் ஒரு அளவுக்கு ஏறியதும் பிரேக்கை விட்டால் பூப்போல நகரும். அந்த அளவு என் காதுக்கு மட்டும் தெரிந்தது.

அப்போதுதான் இவருக்குப் பம்பாயில் ஒரு வருஷ டிரெயினிங் வந்தது. மாமனார் சொல்லிவிட்டார்.

"ஓட்ட ஆளில்லாத வண்டிய வெயில்ல காயப்போடணுமா? சனிக்கிழமைக்குள்ள நீ லைசென்ஸ் வாங்கு, வண்டி இருக்கட்டும். இல்லன்னா விலைக்குக் கேட்ட சிக்மகளூர்க்காரர் ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போகட்டும்."

வெள்ளிக்கிழமை டெஸ்ட். இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து கீழே குனிந்து பார்த்தார். "கிளச் எல்லி?", கிளச் எங்கே என்று கன்னடத்தில் கேட்டார். இல்லை என்றேன். நம்பவில்லை. மேட்டின் நடுவில் நிறுத்தி, பின்னால் சறுக்காமல் கிளப்பச் சொன்னார்.

நிறுத்தினேன். இரண்டு காலும் வேலை செய்தன. எஞ்சின் உறுமியது. அந்த அளவு வந்தது, பிரேக்கை விட்டேன். வண்டி முன்னால் ஏறியது.

அவருக்கு அந்த உறுமல் பொறுக்கவில்லை. "கிளச், கிளச்" என்று தன் காலை என் பக்கம் நீட்டி ஓங்கி மிதித்தார். மிதிபட்டது பிரேக். வண்டி சடக்கென்று நின்றது, அவர் தொப்பி கண்ணாடியில் மோதி விழுந்தது.

நான் இரண்டு ஃபேன் கதையைச் சொன்னேன். பாவம், நல்ல மனுஷன். பானட்டைத் திறந்து கால் மணி நேரம் ஆசையாகப் பார்த்தார். தானே ஒரு ரவுண்டும் ஓட்டினார்.

பிறகு சொன்னார். "நீங்க ஓட்டினது சரிதாம்மா. ஆனா நான் லைசென்ஸ் கொடுத்தா எல்லா காரும் ஓட்டலாம்னு ஆகுது. கிளச் வண்டி எடுத்துக்கிட்டு அடுத்த மாசம் வாங்க."

அடுத்த மாசம் வண்டி எங்கே இருந்தது... ஞாயிற்றுக்கிழமை சிக்மகளூர்க்காரர் தெருமுனையிலேயே ஒருமுறை சடக்கென்று நின்றார். அவருக்கும் அந்த இடது கால்தான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பிறகு நான் லைசென்ஸ் வாங்கவே இல்லை.

போன மாதம் மருமகள் புதுக் கார் வாங்கினாள். "கிளச்சே இல்ல அத்தை, உங்களுக்கு ஆச்சரியமா இருக்கும்" என்றாள். ஃப்ளைஓவர் ஏற்றத்தில் டிராஃபிக். வண்டி தானே நின்றது, தானே கிளம்பியது, ஒரு சத்தமில்லை. நல்ல வண்டிதான். ஆனால் என் காது மட்டும் எதற்கோ காத்துக்கொண்டிருந்தது.

"பின்னாடி சறுக்கவே இல்ல, பாத்தீங்களா?" என்றாள்.

அன்றைக்கு அந்த மேட்டில் நானும் சறுக்கவில்லை. ஒரு அங்குலம்கூட இல்லை. இன்ஸ்பெக்டர் அதை எந்தத் தாளிலும் எழுதவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.