ஞாயிற்றுக்கிழமைப் பூட்டு

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவியின் வாயை என் கையால் பொத்தினேன். வாசலில் நின்று அவளுடைய தம்பி அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் போகும்வரை நான் கையை எடுக்கவில்லை. இதைச் சொன்ன பிறகுதான் மற்றதைச் சொல்ல வேண்டும். மற்றதை முதலில் சொன்னால் நண்பர்கள், நல்ல சாப்பாடு, சிரிப்பு என்று இனிமையாகத் தொடங்கிவிடும், நானும் நல்லவனாகிவிடுவேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மதுவிலக்கு கொஞ்ச காலம் விலகியிருந்து மறுபடி வந்திருந்தது. எனக்குப் பெரியகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. குடியிருந்தது தேனியில், பஜாருக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில். முன்னறை, நடு அறை, அடுப்படி என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். அடுப்படிக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழுப்பிய சின்ன முற்றம். வெளியே போக ஒரே வழி முன்னறை வாசல்தான்.

முதலில் இரண்டு பேர்தான் வந்தார்கள். ஒருவர் பஜாரில் இரும்புக்கடை வைத்திருந்த கிறிஸ்தவர், என் நெருங்கிய நண்பர். அவர் வீட்டில் சுருளிப்பட்டிப் பக்கத்திலிருந்து பன்னீர் திராட்சை வாங்கி, சீனியும் கிராம்பும் ஒரு கை கோதுமையும் சேர்த்து ஊறுகாய் ஜாடியில் போட்டு, வாய்க்குத் துணியால் வேடு கட்டி ஒயின் வைப்பார்கள். பண்டிகைக்கென்று வைப்பது. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு. இன்னொருவர் போடிக்காரர், ஏலக்காய் வியாபாரி. மதுவிலக்கு இல்லாத கேரளாவுக்கு, குமுளிக்கு அந்தப் பக்கம் போய்வரும்போதெல்லாம் பிராந்தி கொண்டுவருவார்.

"ஏலக்கா மூட்டைக்குள்ள வச்சுட்டா, செக்போஸ்ட்டுல நாய்கூட மோந்து பாக்காது" என்பார் அவர்.

"நாய் பாக்காது சரி. உம்ம வீட்டுக்காரம்மா?" என்பார் இரும்புக்கடை நண்பர்.

"அவளுக்கு என் மேல எப்பவும் ஏலக்கா வாசந்தான். கல்யாணத்தன்னைக்கே அப்படித்தான்."

இரும்புக்கடைக்காரர் சர்ச்சில் காலை ஆராதனையும் திருவிருந்து ஒயினும் முடிந்து, வெள்ளை வேட்டி சட்டையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். "அங்கன ஒரு சொட்டு, இங்கன ஒரு சொம்பு" என்று போடிக்காரர் கேலி செய்வார். யாராவது பார்த்தால் காப்பி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று எவர்சில்வர் டம்ளரில்தான் ஊற்றுவோம். அந்த நாட்களில் நான் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன். அதையும் மறைப்பதற்கில்லை.

எப்படியோ என் அதிகாரியின் காதுக்கு விஷயம் போனது. "என்னய்யா, நம்மளையெல்லாம் கூப்பிட மாட்டீரா?" என்றார். கூப்பிட்டேன். என் பதவி உயர்வுக்கான காகிதம் அவர் மேசையில் இருந்தது. ஒருமுறை வந்தவர், மாதம் இரண்டு ஞாயிறு என்று அவரே வழக்கமாக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அது என் வீட்டு விருந்தாக இல்லை. நண்பர்களுக்கு முடியாத வாரத்திலும் அவர் வந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவருக்கு பயம் அதிகம். யாராவது கதவைத் தட்டினால் டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார். ஒருநாள் அவரே வழியும் சொன்னார். "வெளிய பூட்டுத் தொங்குனா எவன்யா தட்டப்போறான்?"

இரும்புக்கடை நண்பர் சிரித்துக்கொண்டே ஒரு பெரிய திண்டுக்கல் பூட்டைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து எல்லோரும் உள்ளே வந்த பிறகு, அவர் கடைக் கணக்குப்பிள்ளை வெளியே பூட்டிவிட்டுச் சாவியோடு வீட்டுக்குப் போய்விடுவார். வயதானவர், ஒரு வார்த்தை வெளியே பேசமாட்டார். நாலு மணிக்கு வந்து திறப்பார். பன்னிரண்டிலிருந்து நாலு வரை ஜன்னல்களும் சாத்தியிருக்கும். தேனி வெயிலில், ஒரே ஒரு மின்விசிறிக்கடியில் நாலு ஆண்கள். அடுப்படியில் விசிறியும் இல்லாமல் என் மனைவி.

அவள் முன்னறைக்கு வரமாட்டாள். சுக்காவும் ஈரல் வறுவலும் தயாரானதும் நடு அறை நிலைப்படிக்கு அந்தப் பக்கம் தட்டை வைத்து, கரண்டியால் ஒரு தட்டு தட்டுவாள். நான் போய் எடுத்துவருவேன். வருஷக்கணக்கில் அவள் சமையலைச் சாப்பிட்ட அதிகாரிக்கு அவள் முகம் தெரியாது. பூட்டு வந்த முதல் நாள் மட்டும் கேட்டாள்.

"உள்ள தீப்பிடிச்சா என்ன செய்வீக?"

"நீ ஏன் அபசகுனமாப் பேசுற?" என்றேன்.

அந்த ஞாயிறு ஒன்றரை மணி இருக்கும். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வாசலில் பூட்டை யாரோ பிடித்து ஆட்டும் சத்தம். போடிக்காரர் ரேடியோவை அணைத்தார்.

"அக்கா. ஏ அக்கா."

கெங்குவார்பட்டியிலிருந்து என் மைத்துனன் வந்திருந்தான். எதிர்வீட்டு அம்மாள் தயக்கத்தோடு சொல்வது கேட்டது. "பூட்டியிருக்கே தம்பி. எங்கயாச்சும் போயிருப்பாக."

"அப்பாவுக்கு நெஞ்சுவலிம்மா. காலையிலிருந்து அக்காவக் கூட்டியாங்கன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு."

அதிகாரி என் தொடையைத் தொட்டு, உதட்டில் விரலை வைத்தார். "யாருய்யா அது?" என்று காதருகில் கேட்டார்.

"தெரியல சார்" என்றேன்.

நான் திரும்பியபோது அவள் முன்னறைக்குள் வந்திருந்தாள். கையில் கரண்டி. மூன்று அந்நிய ஆண்களுக்கு நடுவே நடந்து ஜன்னல் பக்கம் போனாள். ஜன்னல் கொக்கியில் அவள் கை படுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். ஒரு வார்த்தை போதும். சாவி கணக்குப்பிள்ளையிடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை வெளியே போனால் அதிகாரி அகப்படுவார், என் வேலை போகும், ஜெயிலுக்கும் போகலாம் என்று எண்ணினேன். எண்ணினேன் என்பதுகூடப் பொய்யாக இருக்கலாம். கை முந்திக்கொண்டது. அவள் மூச்சு என் உள்ளங்கையில் சூடாக அடித்தது. கடிக்கவில்லை, திமிறவில்லை. என் கண்ணையே பார்த்தாள். வெளியே செருப்புச் சத்தம் தெருமுனை வரை போய்த் தேய்ந்தது.

அதற்குப் பிறகு இரண்டரை மணி நேரம் நாங்கள் எல்லோரும் அந்த வீட்டுக்குள் இருந்தோம். சாவி இரண்டு தெரு தள்ளி ஒரு வயதானவரின் இடுப்பு மடியில் இருந்தது. அவள் நடு அறையில், மாற்றுப்புடவையை ஒரு பையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். யாரும் குடிக்கவில்லை. அதிகாரி மட்டும் இரண்டு முறை மணி பார்த்தார்.

நாலு மணிக்குப் பூட்டு திறந்தது. நாங்கள் பஸ்ஸைப் பிடித்துக் கெங்குவார்பட்டி போய்ச் சேர ஆறாகிவிட்டது. மாமனார் ஐந்து மணி வரை உயிரோடு இருந்திருக்கிறார். கடைசிவரை வாசலைப் பார்த்தபடி இருந்ததாகச் சொன்னார்கள்.

மைத்துனன் அவளைப் பார்த்து, "எங்க போயித் தொலைஞ்ச அக்கா?" என்று கேட்டான்.

அவள் வாயைத் திறக்கும் முன் நான் பதில் சொன்னேன். "மேட்னி ஷோவுக்குப் போயிருந்தோம் மாப்ள. உன் அக்காதான் ரொம்ப நாளா ஆசைப்பட்டா."

இரண்டாவது வாக்கியம் ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்காமலே அவன் நம்பியிருப்பான். அங்கிருந்த பெண்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மறுக்கவில்லை. ராத்திரிக்குள் ஒப்பாரியிலேயே அதைச் சேர்த்துவிட்டார்கள்: பெத்தவன் பாதை பார்க்கையில படக்கொட்டகைக்குப் போன மக. மாரடித்துக்கொண்டிருந்த வட்டத்தில் அவளும் குனிந்து உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கருமாதிக்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு அழைப்பு நின்றது. தீபாவளிக்குச் சீர் வரவில்லை. சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு நாங்களே கேள்விப்பட்டுப் போனோம். பந்தியில் அவளுக்கு இரண்டு பக்கமும் இலை காலியாகக் கிடந்தது.

இதைவிடக் கேவலமானது ஒன்று உண்டு. பதினாறு நாள் முடிந்த வாரம், அதிகாரி அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு, "இந்த ஞாயிறு உண்டுல்ல?" என்றார். உண்டு என்றேன். அவள் மறுபடியும் சுக்கா வறுத்தாள், தட்டை வைத்தாள். கரண்டியால் தட்டுவதை மட்டும் விட்டுவிட்டாள். நானாக எழுந்து போய்ப் பார்த்து எடுத்துவர வேண்டும். அதிகாரி மாற்றலாகிப் போகும்வரை, ஒன்றே கால் வருஷம் இப்படி நடந்தது. பதவி உயர்வும் வந்தது.

இரும்புக்கடை நண்பர் அந்த நாளுக்குப் பிறகு வரவில்லை. ஒருமுறை கடையில் பார்த்தபோது, "அந்தப் பையன் குரல் காதுலயே கெடக்கு. நான் போயிச் சொல்லிரட்டுமா?" என்றார்.

"என் வேலை போயிரும்" என்றேன்.

அவர் தராசுத் தட்டில் ஆணியை அள்ளிப் போட்டுக்கொண்டே, "உம்ம வேலை போகாது. அத நல்லாத்தான் பாத்துக்கிறீரு" என்றார். அதோடு எங்கள் பேச்சும் குறைந்துபோனது.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுவிலக்கு விலகி, சாராயக்கடைகள் திறந்தன. தேனியிலேயே பகலில், தெருவைப் பார்த்து நின்று குடித்தார்கள். எதற்குப் பயந்து அவள் வாயைப் பொத்தினேனோ, அது குற்றமே இல்லை என்றாகிவிட்டது. எனக்கு இருந்த ஒரே சாக்கும் போனது. ஒருநாள் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு, அவளிடம் சொல்லாமல் கெங்குவார்பட்டிக்குப் போனேன்.

மைத்துனன் மாந்தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். முகத்துக்காக, "வாங்க மச்சான்" என்றான். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"சாவி எங்க இருந்துச்சு?"

"கணக்குப்பிள்ளைகிட்ட."

"அவரு வீடு?"

"ரெண்டு தெரு தள்ளி."

"ரெண்டு தெரு" என்றான். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் குனிந்து மடையை மாற்றினான். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. கெளம்புங்க" என்றான். மச்சான் என்ற சொல் அதில் இல்லை. பிறகு எப்போதும் இல்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன். அவள் அழுவாள், ஒருவேளை அவள் மனம் ஆறும் என்று நினைத்திருந்தேன்.

"யாரைக் கேட்டுச் சொன்னீக?" என்றாள்.

"உன் மேல இருந்த பழி போகட்டும்னுதான்."

"இம்புட்டு நாளா வெக்கங்கெட்டவள்னு ஏசுனாக. இனிமே பாவம்னு பாப்பாக. புருஷன் வாயப் பொத்துனான், இவ சும்மா நின்னான்னு ஊரெல்லாம் சொல்லும். உங்க பாரத்த எறக்கி வச்சுட்டு வந்துட்டீக. எங்கன எறக்கி வச்சிருக்கீகன்னு பாத்தீகளா?"



அடுத்த வாரம் மைத்துனன் வந்தான். என்னைத் தாண்டி நேராக அடுப்படிக்குப் போனான். நடு அறையிலிருந்து எனக்குக் கேட்டது. "அன்னைக்கே ஏங்க்கா சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே நீ இவுகள வெட்டியிருப்ப. நீயும் ஜெயிலுக்குப் போயிருப்ப. அப்புறம் நான் யாரு வீட்டுல போயி நிக்கிறது?"

அவன் அழுவது கேட்டது. அவள் அழவில்லை. "காப்பி ஆறுது, குடி" என்றாள்.

அந்த வருஷம் மாமனார் திவசத்துக்கு அவளை அவன் வந்து கூட்டிப்போனான். என்னை அழைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்று நாளில் வருவதாகச் சொன்னவள், மாங்காய்ப் பருவம் முடிந்துதான் திரும்பினாள். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான். போகும்போது எப்போது வருவாய் என்று நான் கேட்பதில்லை. வந்தால் வாசல் விளக்கைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள்; என்னோடு பேசுகிறாள், சமைக்கிறாள், என் மாத்திரைகளை எடுத்துவைக்கிறாள். மன்னித்தாயா என்று ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் கேக்காதீக" என்றாள். கேட்பதில்லை.