லிஃப்ட் மாமா வாங்கிய மாண்டலின்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட் மாமாவுக்குப் பயப்படாத பிள்ளையே கிடையாது. பெற்ற தகப்பன் அதட்டினால் பல்லைக் காட்டுகிற வாண்டுகள்கூட, கருவிப் பையோடு மாமா வருவதைப் பார்த்துவிட்டால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாகிவிடும். லிஃப்டில் ஏறியதும் எல்லா மாடிப் பொத்தான்களையும் ஒரே தடவலாகத் தடவிவிட்டு ஓடுகிற விளையாட்டு இருக்கிறதே, அதை மட்டும் அவரால் மன்னிக்க முடியாது. "இது என்ன உங்க வீட்டு ஹார்மோனியமா?" என்று அவர் போடுகிற சத்தம் மேலே மூன்று மாடிக்கும் கீழே மூன்று மாடிக்கும் கேட்கும். 'போகவேண்டிய மாடியை மட்டும் அழுத்தவும்' என்று தன் கையாலேயே எழுதி ஒவ்வொரு லிஃப்டிலும் ஒட்டி வைத்திருக்கிறார். எழுத்து கோழி கிண்டியதுபோல இருந்தாலும் விஷயம் எல்லாருக்கும் புரிந்தது.

குடியிருப்பின் லிஃப்டுகள் முழுக்க அவர் பொறுப்பு. ஒவ்வொரு பெட்டியையும் பல கம்பி வடங்கள் சேர்ந்து தூக்குகின்றன. எல்லா வடமும் ஒரே இழுப்பில் இருந்தாக வேண்டும். ஒன்று தளர்ந்தால் அதன் பாரத்தையும் மற்றவை சுமந்து சீக்கிரம் தேய்ந்துபோகும். மாமா அவற்றை உள்ளங்கையால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, ஒன்றுபோல ஆகும்வரை திருகுவார். எத்தனையோ வருஷமாகச் செய்கிற வேலை. தொங்கலாக ஒரு கம்பியைப் பார்த்தால் அவருக்குச் சோறு இறங்காது.

வேலையில் இப்படி விடாக்கண்டன் என்றால், தனக்கென்று வரும்போது ஆள் அப்படியே தலைகீழ். போன், மகள் பழசு என்று ஒதுக்கியது. செருப்பு, மச்சானுக்கு அளவு சேராதது. சட்டை, கம்பெனி கொடுப்பது. கடைக்குப் போனால் மனைவிக்கு, மகளுக்கு, வீட்டுக்கு என்று வாங்குவாரே தவிர, 'எனக்கு' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. "உங்களுக்கு என்னதாங்க வேணும்?" என்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். அவருக்கு ஒன்று வேண்டியிருந்தது என்பதுதான் உண்மை. வெளியே சொல்ல வெட்கம்.

அது மேல்மாடியிலிருந்து வந்த சத்தம். கட்டடத்தின் உச்சியில் மோட்டார் அறை. அதற்கு நேர் கீழே வக்கீலம்மா வீடு. வழக்காடுவதிலிருந்து ஓய்வு பெற்ற அந்த அம்மாள் மத்தியான வேளையில் மாண்டலின் வாசிப்பார். கம்பிகள் படபடவென்று சிறகடித்துக்கொள்கிற அந்த ஓசை, காற்றுத் துவாரம் வழியாக மோட்டார் அறைக்கு ஏறி வரும். மாமா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிட மறந்து உட்கார்ந்திருப்பார். எண்ணெய் போட வேண்டிய அவசியமே இல்லாத மோட்டாருக்கெல்லாம் அந்த நேரத்தில் எண்ணெய் போட்டிருக்கிறார். பிறகு வாசிப்பு குறைந்தது. ஒரு கட்டத்தில் நின்றே போனது. அப்புறம் ஒருநாள் லிஃப்ட் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'பழைய பாணி மாண்டலின் விற்பனைக்கு. மேல்மாடி.'

அவருடைய லிஃப்டில் அனுமதி இல்லாமல் எதை ஒட்டினாலும் மாமா கிழித்துவிடுவார். இதையும் கிழித்தார். ஆனால் குப்பையில் போடவில்லை, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வேறு யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதே!

மேல்மாடிக்குப் போய் அழைப்பு மணியை அடித்தார். வக்கீலம்மா பெட்டியைத் திறந்து காட்டினார். நீர்த்துளி வடிவம். நடுவில் தேன் நிறம், விளிம்புக்குப் போகப்போகக் கருத்துக்கொண்டே போயிற்று. எட்டுக் கம்பிகள்.

"முதல்லயே சொல்லிடறேன். இது அந்தக் காலத்து வாத்தியம் கிடையாது. பழசு மாதிரி செஞ்ச புதுசு. என்கிட்ட இருந்து இருந்து இப்ப நிஜமாவே பழசாயிடுச்சு. என்னை மாதிரி" என்றார் வக்கீலம்மா. "விரல் மூட்டெல்லாம் பிடிச்சுக்குது. வாசிக்க முடியல. பெட்டிக்குள்ள கிடந்து என்னை முறைக்குது. நேத்து ஒருத்தர் வந்தாரு, கடைச் சுவத்துல அழகுக்கு மாட்டணுமாம். போய்ட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன். வாசிக்கிறவங்களுக்குத்தான் குடுப்பேன். உங்களுக்கு... யாருக்கு வேணும்?"

நல்ல கேள்விதான். பதிலும் ஒரே வார்த்தைதான். ஆனால் மாமாவின் பார்வை கறை ஏறிய தன் விரல்கள் மேல் விழுந்தது. "பொண்ணுக்கும்மா" என்று சொல்லித் தொலைத்தார்.

"ரொம்ப நல்லதாப்போச்சு. சின்ன வயசு, சட்டுனு பிடிச்சுக்குவா. கூட்டிட்டு வாங்க, கையில எடுத்துப் பாக்கட்டும்."

அவருடைய மகள் கணக்கியல் படிக்கிறவள். அவளுக்கும் சங்கீதத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அதை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே எனக்குத் தெரியாதேப்பா! உங்களுக்குத்தானே வேணும்? சொல்லிட்டுப் போறதுக்கென்ன?"

"இந்த வயசுல எனக்குன்னு சொன்னா சிரிப்பாங்க பாப்பா. நீ சும்மா வந்து நில்லு, போதும்."

வந்து நின்றாள். வக்கீலம்மா மாண்டலினை மேஜைமேல் வைத்துவிட்டு, டீ போட உள்ளே போனார். மகள் ஜன்னல் வழியே வெளியே வேடிக்கை பார்த்தாள். மாமாவோ கம்பிகளைப் பார்த்தார். வெகுநாள் வாசிக்காததால் அந்த அம்மாள் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டிருந்தார். எட்டும் தொங்கல்!

அதற்கப்புறம் நடந்ததற்கு மாமா பொறுப்பில்லை, அவர் கைதான் பொறுப்பு. அது தானாகவே போய்த் திருகைப் பிடித்தது. கடைசியில் இருந்த மிக மெல்லிய கம்பியை முறுக்கேற்றினார். தட்டினார், கேட்டார். பக்கத்திலிருந்த அதன் ஜோடியையும் ஏற்றி, இரண்டும் ஒரே குரலாகும்வரை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். அம்சமாக வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். வடம் என்றால் எல்லாமே ஒரே இழுப்பில் இருக்க வேண்டும் என்பதல்லவா அவர் படித்த பாடம்? அடுத்த கம்பி சற்றுத் தடிமன். அதையும் அதே குரலுக்கு ஏற்றினார். வரவில்லை. இன்னும் ஏற்றினார்.

'டப்!'

"தள்ளி நில்லு!" என்று அலறிக்கொண்டே மகளைச் சுவரோரம் தள்ளி, முன்னால் கையை விரித்து நின்றார் மாமா. மேலிருந்து எதுவும் விழவில்லை. அறுந்த கம்பிச் சுருள் ஒன்று மேஜைமேல் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். வக்கீலம்மா கரண்டியோடு ஓடி வந்தார்.

மாமாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டார்.

வக்கீலம்மா மாண்டலினை எடுத்து, அறுந்த இடத்தைப் பார்த்தார். "நாலு ஜோடி இது. ஜோடிக்குள்ளதான் ஒரே சத்தம். ஜோடிக்கு ஜோடி வேற வேற. எல்லாத்தையும் ஒண்ணாக்கப் பார்த்தா அறுந்துதான் போகும்" என்றபடி, மெல்லிய ஜோடியை விரல் நகத்தால் மீட்டினார். நிறுத்தினார். காதருகே கொண்டுபோய் மறுபடி மீட்டினார்.

"இந்த ரெண்டையும் யாரு சேத்தது?"

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ரெண்டு கம்பின்னே தெரியல, ஒண்ணு மாதிரி பேசுது. எனக்கே இப்படி வர ரொம்ப காலம் ஆச்சு. காது இருக்கிறவங்க வேலை இது." அவர் மகளைப் பார்த்தார். "நீயாம்மா? நீன்னா இப்பவே எடுத்துட்டுப் போ."

மகள் அப்பாவைப் பார்த்தாள். நானே என்று சொல்லிவிடட்டுமா என்று அவள் கண் கேட்டது. ஒரு தலையாட்டல் போதும், மாண்டலின் வீட்டுக்கு வந்துவிடும். உண்மையைச் சொன்னாலோ, சுவரில் மாட்டுகிற ஆட்கள் கணக்கில் இவரையும் சேர்த்து, வாசலைக் காட்டிவிடலாம். ஆனால் அந்த ஜோடி பேசிய பேச்சு இன்னும் அறைக்குள் இருந்தது. அதைச் சேர்த்தது அவர் காது. தான் பெற்ற மகளாகவே இருந்தாலும் அந்தப் பெருமையைத் தூக்கிக் கொடுக்க மாமாவுக்கு மனசு வரவில்லை.

"நான்தாம்மா" என்றார். "அறுத்ததும் நான்தான், சேத்ததும் நான்தான். பொண்ணுக்குன்னு சொன்னது பொய். எனக்குத்தான் வேணும்."

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கி அவரை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனை பேரைக் கூண்டில் நிறுத்திப் பார்த்த பார்வை!

"சுவத்துல மாட்டிட மாட்டீங்களே?"

"ஆணியே அடிக்க மாட்டேம்மா."

"எங்க உக்காந்து வாசிப்பீங்க?"

"மேல, மோட்டார் அறையில. சாப்பாட்டு நேரத்துல. நீங்க வாசிக்கிறப்பல்லாம் நான் அங்கதான் உக்காந்து கேப்பேன்."

வக்கீலம்மா காற்றுத் துவாரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அதான் எங்க லிஃப்டுக்கு மட்டும் மத்தியானத்துல அவ்வளவு ரிப்பேரா!" என்றார். மகள் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டாள். மாமாவுக்கும் சிரிப்பு வந்தது. வக்கீலம்மா விரலை உயர்த்தினார். "சரி, ஒரு நிபந்தனை. துவாரத்தை அடைச்சு வைக்காம வாசிக்கணும். தப்பா வாசிச்சீங்கன்னா துடைப்பக் கட்டையால சீலிங்கைத் தட்டுவேன். ஒழுங்கா வாசிச்சாலும் தட்டுவேன், இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி."

விலை பேசியதெல்லாம் டீ ஆறுவதற்குள் முடிந்தது. பெட்டிக்குள்ளிருந்த உபரிக் கம்பியைப் பூட்டி, நாலு ஜோடியையும் அந்தந்தக் குரலுக்கு எப்படி ஏற்றுவது என்று வக்கீலம்மா காட்டிக் கொடுத்தார். பெட்டியை மூடப்போனபோது மாமா தடுத்தார். அப்படியே கையில் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். காலிப் பெட்டி மகள் கைக்குப் போயிற்று.

லிஃப்ட் வந்தது. கருவிப் பை இல்லாமல் அவர் அதில் ஏறியதே அபூர்வம். கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். மார்போடு மாண்டலின், அதன்மேல் அவருடைய கறுத்த விரல்கள். நன்றாகத்தான் இருந்தது. மிக நன்றாக இருந்தது. மகள் தரைத்தளத்துப் பொத்தானை அழுத்தக் கை நீட்டினாள்.

"இரு பாப்பா" என்றார் மாமா. தான் எழுதி ஒட்டிய அந்த அறிவிப்பை ஒருமுறை படித்தார். பிறகு கையை விரித்து, மேலிருந்து கீழ்வரை எல்லா மாடிப் பொத்தான்களையும் ஒரே தடவலாகத் தடவினார். அத்தனையிலும் விளக்கு எரிந்தது.

"அப்பா!"

"பாக்கட்டுமே!"

அடுத்த மாடியில் கதவு திறந்தது. யாருமில்லை. மாமாவுக்குச் சற்று ஏமாற்றம். அதற்கடுத்த மாடியில் காய்கறிப் பையோடு நின்ற ஒரு தம்பதி வாயைப் பிளந்தார்கள். யாருக்கு என்று கேட்பதற்குள் மாமாவே, "எனக்குத்தாங்க" என்றார். அதற்கும் கீழே, போன வாரம்தான் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஒரு குட்டிப் பெண் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்ததும் அவள் கண்கள் விரிந்தன.

"மாமா, எல்லா பட்டனும் எரியுது! நான் இல்ல மாமா! யாரு அழுத்தினது?"

"நான்தான்."

"அது யாருக்கு மாமா?"

"எனக்கு" என்றார் மாமா, மூன்று மாடிக்குக் கேட்கும் குரலில்.