காலண்டருக்குப் பின்னால் ஒரு விரிசல்

எங்கள் வீட்டுப் பின்சுவரில் விரிசல் விழுந்ததற்குக் காரணம் மேஸ்திரி இல்லை, வாய்க்கால் இல்லை, நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டி நிற்கும் பழைய ஓட்டு வீடு. மண் குழைத்து வைத்துக் கட்டிய செங்கல் சுவர்கள். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா பின்னறைக் கட்டிலில்தான் கிடக்கிறார். ஒருநாள் தலை துவட்டிவிடும்போது, "வானத்தப் பாத்து ஒரு வருஷமாச்சும்மா" என்றார். அது போதும் எனக்கு. செல்போனில் படம் படமாகத் தள்ளிப் பார்த்து, பின்கதவுக்கு வெளியே ஒரு சிட்-அவுட் கட்டுவதென்று முடிவு செய்தேன். சக்கர நாற்காலி இறங்க ஒரு சரிவு, வெளிச்சம் விடுகிற கூரை, ஒரு மின்விசிறி, எதிரே வயல். பெங்களூரிலிருந்து அண்ணன், "பழைய சுவரு, அதுல கை வைக்காத" என்றான். அவன் வேண்டாம் என்றதும் எனக்கு வீம்பு கூடிவிட்டது.

மேஸ்திரி சுவரோரம் கயிறு பிடித்து நான்கு தூண் குழிகளுக்கு அடையாளம் போட்டார். "ஒவ்வொண்ணா தோண்டி, கான்கிரீட் போட்டு மூடிட்டு அடுத்ததுக்குப் போவோம்மா. இந்தச் சுவத்துக்கு அஸ்திவாரமே முழங்கால் ஆழம்தான்."

ஆனி முடிய இரண்டே நாள் இருந்தது. ஆடி பிறந்தபின் புது வேலைக்கு மண்ணைத் தொடக்கூடாது என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிற நானும் தலையாட்டினேன். "எல்லாக் குழியையும் இன்னைக்கே தோண்டிடுங்க. கான்கிரீட்ட அப்புறம் போட்டுக்கலாம்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார்.

கம்பி கட்டுகிறவர்கள் சொன்ன நாளில் வரவில்லை. குழிகள் திறந்தே கிடந்தன. நான்காம் நாள் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. நடவுக்குக் காத்திருந்த ஊர் மொத்தமும் கரையில் நின்று பார்த்தது. நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலையில் நான்கு குழிகளிலும் அடியிலிருந்து ஊற்று கிளம்பி, களிமண் கூழாகிச் சரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஓடினேன். அப்பாவின் கால்மாட்டுச் சுவரில் நகம் நுழையும் அகலத்துக்கு ஒரு கோடு.

அப்பா தூங்கும்போது மேஸ்திரி வந்து, விரிசலுக்குக் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டு ஒன்றை சிமெண்டால் ஒட்டினார். வெளியே வந்து மெதுவாகச் சொன்னார்: "கண்ணாடி உடைஞ்சா சுவரு நகருதுன்னு அர்த்தம். ஐயாவ முன்னறைக்கு மாத்திடுங்க. குழிய மணல் போட்டு மூடிடுவோம்."

"ரெண்டு நாள் பாப்போம்" என்றேன். மூடினால் அண்ணன் ஜெயித்துவிடுவான். அப்பாவை மாற்றினால் காரணம் சொல்ல வேண்டும். கூடத்தில் தொங்கிய தினசரி காலண்டரைக் கொண்டுவந்து விரிசலின்மேல் மாட்டினேன். அப்பாவுக்குத் தேதி தெரியட்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

அதன்பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ரோட்டில் நெல் லாரி போனால் சுவரைப் பார்ப்பேன். பல்லி ஓடினாலும் பார்ப்பேன். வகுப்பில் பாதிப் பாடத்தில் அம்மாவுக்குப் போன் போட்டு, "அப்பா என்ன பண்றாரு?" என்பேன். "படுத்திருக்காரு, வேறென்ன பண்ணுவாரு" என்று அம்மா எரிந்து விழுவார். காலையில் தாளைக் கிழிக்கிற சாக்கில் காலண்டரைத் தூக்கிப் பார்ப்பேன். கண்ணாடி முழுசாக இருந்தால் அன்றைக்குப் பிழைத்தேன்.

மூன்றாம் நாள் அது இரண்டாக உடைந்திருந்தது. கோட்டில் என் சுண்டுவிரல் நுனி நுழைந்தது.

மேஸ்திரியும் அம்மாவும் நானும் அப்பாவைப் போர்வையோடு தூக்கி முன்னறையில் கிடத்தினோம். "கண்ணாடி உடைஞ்சிடுச்சுப்பா" என்றேன், என்ன கண்ணாடி என்றுகூடச் சொல்லாமல்.

அப்பா குழறிக் குழறிச் சொன்னார்: "நேத்து மத்தியானமே உடைஞ்சுது. சத்தம் கேட்டுச்சு. நீ தெனம் காலண்டரத் தூக்கும்போது பாத்துட்டுதான் இருந்தேன்."

"ஏன்ப்பா சொல்லல?"

"சொன்னா வேலைய நிறுத்திடுவ."

அன்றே குழிகளில் மணலைக் கொட்டி மூடினோம். சவுக்குக் கம்புகளை முட்டுக்கொடுத்ததில் சுவர் நிற்கிறது. சுவரைவிட்டுத் தள்ளித் தூண் போட்டுக் கட்டலாம், ஆடி முடியட்டும் என்று மேஸ்திரி சொன்னதை அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். முன்னறைக்கு ஜன்னல் கிடையாது. காலண்டரை நான் அங்கே மாட்டவில்லை, அடுப்படியில் வைத்திருக்கிறேன்.

தினம் காபி கொடுக்கும்போது அப்பா கேட்கிறார்: "ஆடி முடிஞ்சுதாம்மா?"

ஆவணி பிறந்து பத்து நாளாகிறது. இன்னொரு முறை அந்த மண்ணில் மண்வெட்டி இறங்குவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. "இன்னும் இல்லப்பா" என்கிறேன். அவர் நம்புகிறாரா என்று முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.