தங்காத இரண்டு பேர்

பிள்ளை பெற்ற ஐந்தாம் மாதம் புகுந்த வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பது எங்கள் இரண்டு குடும்பத்திலும் வழக்கம். சிதம்பரத்தில் அம்மா வீட்டில் நாள் நெருங்க நெருங்க எனக்குப் பயம் வந்தது. கணவர் வீடு கடலூருக்குத் தெற்கே, ரசாயனத் தொழிற்சாலைகளை ஒட்டி இருக்கிறது. காற்று திரும்பினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். எனக்குத்தான் அடிக்கும், அவர்களுக்குத் தெரிவதில்லை.

அழைத்துப்போக வந்த கணவர், ஏன் தயங்குகிறாய் என்று கேட்டார். நேராகச் சொல்ல மனம் வரவில்லை. விலங்கியல் படித்தவள் இல்லையா, சுற்றி வளைத்தேன். குடிநீரில் ஆர்சனிக் கலந்த மலை ஊர்கள் உலகில் உண்டு, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்பவர்களிடம் அந்த நஞ்சைச் சமாளிக்கும் மரபணு அதிகமாக இருக்கிறது என்றேன். அதற்குப் பல்லாயிரம் ஆண்டு பிடித்தது என்று சொல்வதற்குள் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அப்ப நம்ம பாப்பாவுக்கும் இருக்கும். எங்க வூட்டுப் பொண்ணுதானே அவ."

நான் திருத்தவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மூன்றாம் வாரம் குழந்தைக்கு மூச்சு இழுத்தது. மஞ்சக்குப்பத்து டாக்டர், குடும்பத்தில் யாருக்காவது இளைப்பு உண்டா என்று விசாரித்தார். தன் மூன்று பிள்ளைகளும் இருமியதுகூட இல்லை என்று மாமியார் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மொத்தம் எத்தனை பிரசவம் என்று கேட்டேன்.

"அஞ்சு. ரெண்டு தங்கல. மூச்சு இழுத்துக்கினே பூடுச்சுங்க" என்றவர், முருங்கைக்கீரையை ஆய்வதை நிறுத்தவில்லை.

அன்று மாலை கணவர், போகப் போகப் பழகிவிடும், எங்களுக்குப் பழகவில்லையா என்றார்.

"யாருக்கும் பழகல மாமா. தாங்காத ரெண்டு பேரு செத்துட்டாங்க. தாங்குனவங்க மிச்சம் இருக்கீங்க. அவ்ளோதான்."

அந்த இருவரும் எதனால் போனார்கள் என்று யாரும் பரிசோதித்ததில்லை. புகைதான் காரணம் என்று என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு வீட்டை வைத்து இயற்கைத் தேர்வு பேசக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய அந்தத் தேர்வில், தேறாதவர்கள் எல்லாரும் யாரோ பெற்ற பிள்ளைகள்.

மறுநாள் காலை குழந்தையோடு சிதம்பரம் வந்துவிட்டேன். தெருவில் கேட்டால் தடுப்பூசி போட வந்திருப்பதாகச் சொல் என்றாள் அம்மா. சொன்னேன். குழந்தைக்கு இப்போது ஒன்பது மாதம். இன்னும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.