சந்துப் பக்கத்துக் கதவு

மாத்தளை திருகோணமலை வீதியில் ஜமால்தீன் நானாவின் கடைக்குள் நுழைந்தால் குண்டூசியிலிருந்து சைக்கிள் வரைக்கும் எல்லாம் கிடைக்கும். அதில் உடுப்பு மட்டும் அவருடையதல்ல. உடுப்பு விற்கப் பொறுமை வேண்டும், அதை அல்லாஹ் எனக்குத் தரவில்லை என்று அவரே சொல்வார். அதனால் கடையின் பின்மூலையைப் புஷ்பவதிக்கு விட்டிருந்தார். கடை அவருடையது, கடைக்குள் இருந்த உடுப்புக் கடை அவளுடையது. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்துதான் என்ன ஆகப்போகிறது?

எண்பத்து மூன்றுக்கு முன்னால் அவளுக்கும் கணவர் சிவலிங்கத்துக்கும் அதே வீதியில் சொந்தக் கடை இருந்தது. உடுப்புக் கேட்டு வருகிறவர்களை ஜமால்தீன் அங்கே அனுப்புவார். சட்டி பானை கேட்கிறவர்களை இவர்கள் இங்கே அனுப்புவார்கள். அந்த ஆடி மாதக் கலவரத்தில் இவர்கள் கடைக்கு நெருப்பு வைத்தபோது இரண்டு பேரும் உள்ளே இருந்தார்கள். முன்பக்கம் நெருப்பு, பின்பக்கம் வெறும் சுவர். சிவலிங்கம் கூரை ஓட்டைப் பிரித்து அவளை மேலே ஏற்றிவிட்டுக் கடைசியாகத் தான் ஏறினார். அன்று குடித்த புகை அவர் நெஞ்சை விட்டுப் போகவேயில்லை. அடுத்த தைப்பொங்கலுக்கு அவர் இல்லை.

உக்குவளையில் அண்ணன் வீட்டில் முடங்கிக் கிடந்தவளைத் தேடி ஜமால்தீன் வந்தார். கடையில் மூலை ஒன்று சும்மா கிடக்கிறது, வந்து வியாபாரத்தைத் தொடங்குங்கள் என்றார். வாடகையைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நானா, உங்க கடைக்கும் ஒரு வாசல்தானே. மறுபடி அந்த மாதிரி வந்தா நான் எந்தப் பக்கமா போறது?"

ஜமால்தீன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் கழித்து அவள் கடைக்கு வந்தபோது பின்மூலைச் சுவரை உடைத்து, பக்கத்துச் சந்துக்குள் திறக்கிற மாதிரி ஒரு கதவு போட்டிருந்தது. சீமெந்து இன்னும் காயவில்லை. அவர் சாவியை அவள் கையில் வைத்து, அது உங்களிடமே இருக்கட்டும் என்றார். புஷ்பவதி துணியை மடிக்கிற சாக்கில் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதாள். தன் பயத்தை ஒருவர் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லாமல் விட்டதற்காகத்தான் அழுதாள்.

அந்தக் கதவை அவள் ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்தினாள். எண்பத்தொன்பதில், கடைகளை மூடச் சொல்லி வீதியில் யாரோ கத்தியதும் சாவியைப் போட்டுத் திறந்து, கையில் அளவு நாடாவோடு சந்தில் போய் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. வெட்கப்பட்டு, வீதியைச் சுற்றி முன்வாசலால் திரும்பி வந்தாள். புதிதாக என்ன வாங்க வந்தீர்கள் என்று ஜமால்தீன் கேட்டதும் கடையே சிரித்தது, அவளும் சிரித்தாள். அதன் பிறகு கதவின் மேல் சட்டைகளைத் தொங்கவிட்டாள். சாவி மட்டும் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

அவள் தைக்கிற பிள்ளைச் சட்டைகளில் ஒரு விசேஷம் உண்டு. கீழ்விளிம்பை உள்ளே மூன்று மடிப்பு மடித்துத் தைப்பாள். ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிற அம்மாமார் ஒரு தீபாவளிக்குச் சட்டை வாங்கினால், அடுத்த தீபாவளிக்குப் பிள்ளையோடு அதே சட்டையைக் கொண்டு வருவார்கள். புஷ்பவதி ஒரு மடிப்பைப் பிரித்து இறக்கிக் கொடுப்பாள். அதற்குக் கூலி வாங்கியதில்லை. அவள் தையலைப் பிரிக்கிற நேரத்தில் அம்மா முன்னால் போய்ச் சட்டியோ குடையோ வாங்கிவிடுவாள். வருஷம் முழுக்க வளராத பிள்ளையும் வரும். அப்போது அம்மாவின் முகம் வாடாமல் இருக்க, புள்ள இப்ப ஒடம்பு வைக்குது, வளத்தி பிறகு வரும் என்பாள் புஷ்பவதி. சொந்தப் பிள்ளை இல்லாதவளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை அத்தனை பிள்ளைகளும் வளர்ந்து காட்டின.

ஜமால்தீனுக்குக் கால் முடியாமல் போனதும் மருமகன் ஜைனுதீன் கடையைப் பார்க்க வந்தான். நல்ல பையன், ஆனால் கெட்ட செய்தி சொல்லத் தெரியாதவன். இரண்டாயிரத்து நாலில் ஒரு நாள் அவனே தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான் வாய் திறந்தான். கொழும்புக் கம்பனி ஒன்று கடையின் முன்பக்கத்தில் தன் உடுப்புகளை வைக்க வருகிறது. கடைக்குள் வேறு யாரும் உடுப்பு விற்கக் கூடாது என்பது அவர்கள் போட்ட நிபந்தனை. தீபாவளி முடியும்வரை இருங்கள் அக்கா என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

"சரி தம்பி," என்றாள். அவன் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அன்று உக்குவளை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபோது, நெருப்பே இல்லாமல் இரண்டாம் முறையும் கடை போகிறதே என்று நினைத்தாள். பெரியவருக்கு மட்டும் இது தெரியக் கூடாது, தெரிந்தால் மருமகனோடு மனஸ்தாபம் வரும் என்று முடிவு செய்துகொண்டாள்.

தீபாவளிக்கு வந்த அம்மாமார், அடுத்த மடிப்பை எங்கே வந்து இறக்குவது என்று கேட்டார்கள். அவள் இறக்கிய சட்டையை மடித்துக் கையில் கொடுத்து, போய் வாருங்கள் என்றாள். எல்லாம் முடிந்து துணிகளை மூட்டை கட்டியபோது இடுப்பிலிருந்த சாவி கையில் தட்டியது. அதை ஜைனுதீனிடம் கொடுக்க மனம் வரவில்லை. தந்தவர் கையில்தான் கொடுக்க வேண்டும். அந்த நேர்மை தன் ரகசியத்தைப் போட்டு உடைக்கும் என்று பாவம் அவள் யோசிக்கவில்லை.

ஜமால்தீன் வீட்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் கால் நீட்டிச் சாய்ந்திருந்தார். பக்கத்து முக்காலியில் சாவியை வைத்தாள்.

"என்ன தங்கச்சி, பூட்டு பழுதாப் போச்சா?"

பொய் சொல்ல வாய் எடுத்தவள் எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியை ஏசாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் சாவியை எடுத்துக் கையில் புரட்டினார்.

"கம்பனிக்காரன் கடைக்குள்ள தானே வேணாங்கிறான்?"

"ஆமாங்க."

"அப்ப மூலைக்கும் கடைக்கும் நடுவால ஒரு சுவர எழுப்பினா, நீங்க கடைக்கு வெளியில. வாசல் சந்துப் பக்கம் இரிக்கி தானே."

புஷ்பவதிக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபட்டதும், அந்தக் கதவைக் கண்டாலே தனக்குப் புகை மணக்கிறது, அதற்கு முன்னால் உட்கார்ந்து எப்படி வியாபாரம் செய்வது என்று கேட்டாள். ஜமால்தீன் சாவியை அவள் பக்கம் நீட்டினார்.

"அத நீங்க ஓடுறதுக்குன்னு போட்டது. அல்ஹம்துலில்லாஹ், ஓட வேண்டி வரல்ல. இனி சனம் வாறதுக்கு இரிக்கட்டும்."

ஜைனுதீனுக்குத்தான் எல்லாரையும் விட நிம்மதி. சுவர் எழுப்பும்போது பக்கத்திலேயே நின்று, மேசனுக்கு வேண்டாத யோசனையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். மூலைக்குள் துணியெல்லாம் அடுக்கி, சுவரில் விட்டிருந்த கடைசி இடைவெளியையும் அடைத்து முடிந்ததும் புஷ்பவதியைக் கூட்டிக்கொண்டு சந்துக்குப் போனான். பூட்டு துருவேறி இறுகியிருந்தது. அவன் தேங்காயெண்ணெய் விட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான். திறக்க வேண்டியவள் அவள்தான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அவள் சிவலிங்கத்தை நினைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

உள்ளே போய்த் தையல் மெஷினை வெளிச்சத்துக்கு இழுத்துப் போடுவதற்குள் வெளியே பேச்சுக் குரல் கேட்டது. ரத்தோட்டையிலிருந்து பாப்பம்மா, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு முன்கடையில் விசாரித்து, சந்து வழியாகச் சுற்றி வந்திருந்தாள். தீபாவளிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், அதனால்தான் பிந்திவிட்டது என்றாள். உள்ளே வரலாமா என்று தயங்கி நின்றாள். பிள்ளை யாரையும் கேட்கவில்லை. பழைய சட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசல் நிலையைத் தாண்டி வந்து புஷ்பவதியின் முன்னால் நிமிர்ந்து நின்றது, எவ்வளவு வளர்ந்திருக்கிறேன் பார் என்கிற மாதிரி.

புஷ்பவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு அளவு நாடாவை எடுத்தாள். அந்தக் கதவு வழியாக ஒரு ஆள் அவளைத் தேடி உள்ளே வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.